கார் ஷெட் பட்டறைக்கு அடுத்து எதை வாங்குவது?

தென்காசி_ஷெட்:

வணக்கம். தென்காசியில் வீட்டை ஒட்டி 10 × 18 அடியில் தகரம் போட்ட ஷெட் இருக்கிறது. காரை வெளியே நிறுத்திவிட்டு அதைத்தான் பட்டறையாக வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறில் மரவேலை. தொழில் வேறு, ஆனால் வாரம் முழுக்க மனசு அந்த ஷெட்டில்தான்.

கையில் இருப்பவை: டிரில், ஜிக்சா, 6 மி.மீ. டிரிம்மர் (காடி, ஓரம் எடுக்கும் சின்ன மெஷின்), 5 அங்குல சாண்டர், நாலைந்து எஃப் கிளாம்ப். அப்பா வைத்துவிட்டுப் போன மூன்று உளிகள், கொட்டாப்புளி, ஒரு மர இழைப்புளி. உளிகள் நல்ல எஃகு. தீட்டினால் கூர் நிற்கிறது.

இதுவரை செய்ததெல்லாம் பிளைவுட். கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவந்து, ஸ்க்ரூ போட்டு, ஓரத்தில் பட்டி ஒட்டிவிடுவேன். செருப்பு ஸ்டாண்ட், மகள் படிக்கும் மேஜை, சாமி அலமாரி எல்லாம் அப்படி வந்தவைதான். இப்போது அசல் மரத்துக்கு வந்திருக்கிறேன். செங்கோட்டையில் ஒரு மில்லில் ஒன்றே கால் அங்குல வேங்கைப் பலகை எடுத்தேன். ஐந்துக்கு மூன்று அடியில் சாப்பாட்டு மேஜை செய்ய வேண்டும். அதற்கப்புறம் கட்டில்.

சிக்கல் இங்கேதான். மில்லில் கேட்கும் அகலத்துக்கு அறுத்துத் தருகிறார்கள். ஆனால் பலகை முழுக்க வாள் தடம், ஒரு முனையில் கனம் கூட, இரண்டு பலகையில் முறுக்கு. பக்கத்தில் பக்கம் வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. பசை போட்டு இறுக்கினால் சேரும்தான், ஆனால் அந்த இறுக்கம் ஒரு கோடையில் விட்டுவிடும் என்று தோன்றுகிறது.

தீபாவளிக்குள் 45,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். கண்ணில் நிற்பவை 10 அங்குல டேபிள் சா (மேஜைக்கு மேலே பிளேடு எட்டிப்பார்க்கும் அறுவை மெஷின்), திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைப்பது), மைட்டர் சா (குறுக்கே, கோணத்தில் அறுப்பது), 7 அங்குல சர்குலர் சா (கையில் பிடித்து ஓட்டும் வட்ட வாள்). எல்லாவற்றையும் வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி, கட்டர் மெஷினைப் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி வேலை செய்கிறார். டேபிள் சாவுக்குப் பதில் அப்படிச் செய்துகொள்ளலாமா? உங்கள் ஷெட்டாக இருந்தால் அடுத்து எது வாங்குவீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.

கோவை_மரத்தூள்:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம். கட்டர் என்று நாம் சொல்வது கல் அறுக்கச் செய்த 4 அங்குல மெஷின். 110 மி.மீ. பிளேடு, நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல். தலைகீழாக மாட்டும்போது பிளேடை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சையும் கட்டிவைத்துவிடுகிறார்கள். அசல் மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளே இருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை மரத்தைத் தூக்கி நம் வயிற்றுக்கே எறியும். முறையான டேபிள் சாவில் அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. உங்கள் தெரு ஆசாரிக்கு முப்பது வருஷப் பழக்கம் இருக்கலாம். மரத்துக்கு அது தெரியாது.

டேபிள் சா வாங்கலாமா? நான் வாங்கினேன், என் வேலையே மாறிப்போனது. ஒரே அகலத்தில் இருபது சட்டம் வேண்டுமென்றால் அதற்கு இணை இல்லை. ஆனால் உங்கள் இடத்தைக் கணக்குப் போடுங்கள். எட்டடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நடுவில் மெஷின். பதினெட்டடி ஷெட் அத்தோடு சரி. வாசலுக்கு நேராக வைத்து, கதவைத் திறந்துவிட்டால் சமாளிக்கலாம். ரிவிங் நைஃப் இல்லாத மாடல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மைட்டர் சா உங்களுக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. குறுக்கு வெட்டுக்கு நல்ல மூலை மட்டமும் சர்குலர் சாவும் போதும்.

பழைய_தேக்கு_காரைக்குடி:

தம்பி, நான் வேலை செய்வதெல்லாம் இடித்த வீட்டு மரத்தில். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு உத்தரம், விட்டம், கதவுச் சட்டம். ஆணியும் முறுக்கும் கோட்டமுமாகத்தான் கைக்கு வரும். அதனால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகப் புரிகிறது.

நீங்கள் கேட்ட நாலு கருவியில் மூன்று அறுப்பவை. உங்களுக்கு அறுப்பதில் தடை இல்லையே! மில்லிலேயே அறுத்துத் தருகிறார்கள். நீங்கள் நின்றுபோன இடம், ஒரு முகமும் ஒரு விளிம்பும் நேராக்குவது. அது இல்லாமல் அந்த மெஷின்களும் உங்களுக்கு உதவாது. டேபிள் சாவில் பலகையின் ஒரு விளிம்பு நேராக இருந்தால்தான் ஃபென்ஸில், அதாவது பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்பில், சாய்த்துத் தள்ள முடியும். முறுக்குள்ள பலகை மேஜையில் ஆடும், ஆடினால் பிளேடு கவ்வும். திக்னஸ் பிளேனர் முறுக்கை எடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எடுக்காது. உள்ளே இருக்கும் உருளைகள் பலகையை அமுக்கித் தட்டையாக்கி இழுக்கும், கத்தி இழைக்கும், வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்ளும். கனம் மட்டும் ஒரே சீராக இருக்கும். முறுக்கிய பலகை, சீரான கனத்தில். அதுவும் நல்ல 12 அங்குல பிளேனர் ஒன்று உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

வரிசை இதுதான்: ஒரு முகம், அதற்கு மூலை மட்டமாக ஒரு விளிம்பு, பிறகு கனம், கடைசியில் அகலம். முதல் இரண்டையும் கையால் செய்யலாம். மேஜைக்கு ஐந்தாறு பலகைதானே, இரண்டு வாரக் கடைசியில் முடியும். மூன்றாவதுக்கு, ஒரு முகம் நேரான பலகைகளை ஊரில் பிளேனிங் மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து ஓட்டி வாங்குங்கள்.

அதற்கு என்ன வேண்டும்? அப்பாவின் மர இழைப்புளியைத் தள்ளிவைக்காதீர்கள். ஒரு துண்டு கிரானைட் மேல் உப்புத்தாளை ஒட்டி அதன் அடிப்பாகத்தைத் தேய்த்து நேராக்குங்கள். கூடவே இரும்பில் 5ஆம் நம்பர் இழைப்புளி ஒன்று வாங்குங்கள். 14 அங்குல நீளம், இரண்டு அங்குலக் கத்தி. இருப்பதிலேயே எல்லாவற்றுக்கும் ஒத்துவருவது அதுதான். மலிவானது வாங்கினால் கத்தியையும் அடியையும் நீங்களே தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஆனால் செய்ய முடியும்.

அதைவிட முக்கியம் தீட்டும் கல். 400, 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) என்று இரண்டு வைரத் தட்டு, ஒரு தோல் பட்டை. கத்தியை 25 டிகிரிக்குச் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் தீட்டினால் போதும். தேக்கு தொட்டால் இன்னும் அடிக்கடி தீட்ட வேண்டும். அந்த மரத்துக்குள்ளேயே சிலிக்கா, அதாவது மணல் சத்து இருக்கிறது, கூரைத் தின்றுவிடும். முன்கை மயிரைச் சிரைக்கும் கூர் வந்த பிறகு இழைத்துப் பாருங்கள், சீவல் காகிதம் மாதிரி சுருண்டு வரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு மெஷின் ஆசை பாதி போய்விடும்.

முறுக்கைப் பார்க்க, மீந்த மரத்தில் ஒரே அளவான இரண்டு நேர்ச்சட்டம் செய்துகொள்ளுங்கள். பலகையின் இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். எந்த மூலை தூக்கியிருக்கிறதோ அதுவும் அதற்கு எதிர்மூலையும்தான் இழைக்க வேண்டிய இடம்.

விளிம்பு சேர்வதற்கு ஒரு வழி. பக்கத்தில் பக்கம் வரப்போகும் இரண்டு பலகையையும் மேல்முகம் மேல்முகத்தோடு ஒட்டும்படி மடித்து, ஒன்றாகக் கிளாம்ப் போட்டு, இரண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். நீங்கள் பிடித்த சாய்வு ஒரு டிகிரி தப்பினாலும், விரித்துச் சேர்க்கும்போது ஒன்றில் கூடியது மற்றதில் குறைந்து சரியாகிவிடும். இடுக்கில் வெளிச்சம் வராது.

மீதிக் காசைப் பைப் கிளாம்பில் (குழாயில் மாட்டும் நீளமான கிளாம்ப்) போடுங்கள். மூன்றடி அகல மேஜைக்கு ஆறு வேண்டும், மேலே மூன்று கீழே மூன்று மாற்றி மாற்றி. இருக்கும் எஃப் கிளாம்ப் எட்டாது. அப்புறம் 7 அங்குல சர்குலர் சா. 65 மி.மீ. வரை அறுக்கும், மேஜைக் காலுக்குக்கூட இரண்டு பக்கமும் திருப்பி அறுத்துக்கொள்ளலாம். நேரான அலுமினியச் செக்ஷனைப் பிடித்து ஓட்டினால் உங்களுக்கு இந்த வருஷம் டேபிள் சா தேவைப்படாது.

கருவிக் கேள்விக்கு வெளியே ஒன்று. மேஜைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். தேக்கையே எடுத்தால், பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5 சதவீதம் சுருங்கும், மையத்திலிருந்து வெளியே போகும் ஆரப் போக்கில் அதில் பாதி. சாரல் காலத்துக்கும் சித்திரைக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் 5 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். சட்டத்தின் உள்பக்கம் டிரிம்மரால் காடி எடுத்து, சின்ன மரக்கட்டைகளை அதில் நுழைத்து, அவற்றின் வழியாக மேலே பலகையில் ஸ்க்ரூ போடுங்கள். பலகை விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். இதற்கான கருவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

மதுரை_மாடிப்பட்டறை:

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் யாரும் தூசியைப் பற்றிப் பேசவில்லையே. சார், உங்களிடம் சாண்டர் இருக்கிறது, வாக்குவம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இழைப்புளிக்கு அடுத்து அதைத்தான் வாங்குவேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் முதல் பிரிவிலேயே வைத்துவிட்டது. மூக்கிலும் சைனஸிலும் வருவது. கண்ணுக்குத் தெரியும் சீவல் பயமில்லை, சாண்டர் கிளப்பும் மாவுதான் உள்ளே போவது. 5 அங்குல சாண்டரின் ஓட்டைகள் அந்த மாவை உறிஞ்சத்தான். சாண்டரின் தூசிப் பையைக் கழற்றிவிட்டு வாக்குவம் குழாயை மாட்டுங்கள். N95 மாஸ்க் தனியாக வேண்டும். ஷெட்டை ஒட்டி வீடு என்கிறீர்கள், பிள்ளை இருக்கிறாள்.

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் டேபிள் சா வாங்கினால் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். வீட்டு லைட் பிளக்கில் நீட்டிப்பு வயர் போட்டு ஓட்டக் கூடாது. மெயினிலிருந்து தனி 16 ஆம்பியர் லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்), எர்த் சரிபார்த்தது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகம் ஆம்பியர் இழுத்துச் சூடாகும், அந்த நேரத்தில் கனமான வேலை வேண்டாம். வயரிங்கை இப்போதே செய்துவிட்டால் பிறகு எந்த மெஷினும் வரலாம்.

இன்னொன்று. குற்றாலச் சாரல் தகர ஷெட்டுக்குள் வரும் ஊர் உங்களுடையது. இரும்பு இழைப்புளியை ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

தென்காசி_ஷெட்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. திக்னஸ் பிளேனர் முறுக்கை எடுக்காது என்ற ஒரு வரியிலேயே என் பட்டியல் தலைகீழாகிவிட்டது. அறுப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இப்படி: 5ஆம் நம்பர் இழைப்புளி, இரண்டு வைரத் தட்டு, நல்ல மூலை மட்டம், ஆறு பைப் கிளாம்ப், 7 அங்குல சர்குலர் சா, வாக்குவம், ஷெட்டுக்குத் தனி லைன். விலை விசாரித்ததில் 45,000க்குள் அடங்கும் போலிருக்கிறது. இழைக்க ஒரு கனமான பெஞ்ச் வேண்டும், அதை மில்லில் கிடக்கும் வேப்ப மரத்தில் நானே செய்துகொள்கிறேன். டேபிள் சா கட்டில் முடிந்த பிறகு.

பைப் கிளாம்புக்கு எந்தக் குழாய் வாங்க வேண்டும்? வேங்கையில் இரும்பு பட்டால் கறுக்கும் என்று மில்லில் சொன்னார்கள், அது உண்மையா?

பழைய_தேக்கு_காரைக்குடி:

முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய், நாலடித் துண்டுகளாக. ஒரு முனையில் மரை போட்டு வாங்குங்கள், கிளாம்பின் தலை அதில்தான் ஏறும். கடையிலேயே போட்டுத் தருவார்கள். வாங்கும் முன் கிளாம்ப் தலையைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

கறுப்பது உண்மை. வேங்கையில் துவர்ப்புச் சத்து அதிகம். பசையின் ஈரத்தில் இரும்பு பட்டால் நீலக் கறுப்பாக ஏறும், இழைத்தாலும் சுலபத்தில் போகாது. குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாளோ, அகலமான செல்லோ டேப்போ வையுங்கள். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடைக்காமல், அரை மணி நேரம் விட்டு ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சுரண்டி எடுங்கள்.