அன்ஷின், ஹெய்ஜோஷின், ஃபுடோஷின்: எல்லாவற்றுக்கும் ‘மன அமைதி’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மன அமைதியைக் குறிக்கும் சில சீன, ஜப்பானியச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் யோசித்து எழுதியது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முதலில், பலரும் சொன்ன கருத்து:

> எல்லாமே மன அமைதிதானே? அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் அடிக்குறிப்பு போட்டுவிடலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் ஒரே பத்தியில் இவற்றுள் மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றுக்கும் ‘மன அமைதி’ என்று போட்டால் அந்தப் பத்தி எதையுமே சொல்லாது. ‘இது வேறு, அது வேறு’ என்று காட்டத்தான் ஆசிரியர் அதை எழுதியிருக்கிறார்.

> எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் என்ன? ‘ஷின்’ என்றால் மனம். முன்னால் என்ன எழுத்து இருக்கிறதோ அதைச் சேர்த்தால் போதும்.

ஐயா, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ‘ஃபாங்ஷின்’ என்ற சீனச் சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன். ‘ஃபாங்’ என்றால் விடுதல். கன்ஃபூசியஸ் வழிவந்த பழைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் காலத்துச் சீனத்தில் இது கைவிட்டுப்போன மனம். கோழியும் நாயும் தொலைந்தால் தேடுகிறார்கள், மனம் தொலைந்தால் தேடத் தெரியவில்லையே என்று அவர் வருந்துகிறார். இன்றைய சீனத்தில் அதே சொல்லுக்கு ‘கவலைப்படாதே’ என்று பொருள். ஜப்பானியர் அதே இரண்டு எழுத்துகளை ‘ஹோஷின்’ என்று படிப்பார்கள். அங்கே அது பிரமை பிடித்தாற்போல் இருப்பது. எழுத்து ஒன்று, பொருள் மூன்று. ஆகவே, எந்தக் காலத்தில், யார் வாயில் வந்தது என்று பார்த்துத்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது.

‘ஷின்’ பற்றியும் ஒரு வார்த்தை. அது இதயத்தையும் குறிக்கும், எண்ணும் மனத்தையும் குறிக்கும். ‘நெஞ்சு வலி’ என்கிறோம், ‘நெஞ்சறியப் பொய் சொல்லாதே’ என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல ‘நெஞ்சு’ நம்மிடம் இருக்கும்போது, எல்லா இடத்திலும் ‘மனம்’ என்றே போட வேண்டுமா?

சரி, முதல் சொல். சீனத்தில் ‘ஆன்ஷின்’, ஜப்பானியத்தில் ‘அன்ஷின்’. அன்றாடப் பேச்சில் இதற்கு ‘நிம்மதி’யைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான், அன்ஷின், நிம்மதி. கன்னடத்தில் ‘நெம்மதி’ என்று இருப்பதால் இது கடன்சொல், வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லை அந்தக் காரணத்துக்காக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் போதிதர்மர் கதையில்தான் வருகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீன வரலாறுகள் சொல்கின்றன. அவரிடம் ஹுய்கே என்ற சீடர் வந்து, (‘ஆன்ஷின்’னின் முதல் எழுத்தான ‘ஆன்’ என்பதை மட்டும் பெயர்க்காமல் விடுகிறேன்) “என் நெஞ்சு ஆன் ஆகவில்லை, அதை ஆன் ஆக்கித் தாருங்கள்” என்று கேட்கிறார். “அதைக் கொண்டு வா, ஆக்கித் தருகிறேன்” என்கிறார் போதிதர்மர். “தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை” என்று ஹுய்கே சொல்ல, “சரி, உனக்கு ஆன் ஆக்கியாயிற்று” என்கிறார் குரு. 13ஆம் நூற்றாண்டில் வூமென் தொகுத்த 48 கோஆன்களில், அதாவது ஜென் குருமார் மாணவருக்குத் தரும் புதிர்க் கதைகளில், இது 41ஆவது. நம் மண்ணின் பக்கத்திலிருந்து போனவர் என்று சொல்லப்படுகிறவருடைய கதையைத் தமிழில் சொல்லும்போது, ‘அமைதிப்படுத்திவிட்டேன்’ என்று முடித்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊர்வலத்தில் கலகம் செய்தவர்களைக் காவலர் ‘அமைதிப்படுத்தினார்’ என்று நாளிதழில் படிப்பது போல இருக்கிறது.

இங்கே வேண்டியது இரட்டை வினை. ஒருவர் செய்ய வேண்டும், இன்னொருவருக்கு அது நேர வேண்டும். தமிழில் அப்படி எத்தனையோ உண்டு: ஆறு, ஆற்று, அடங்கு, அடக்கு, தேறு, தேற்று. ‘அடக்கு’ இங்கே வன்மையானது. ‘ஆற்று’ அழகு, ஆனால் ஆறுதல் என்றதும் துக்க வீடு நினைவுக்கு வருகிறது. நான் ‘தேற்று’ பக்கம் சாய்கிறேன். கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கலங்கல் அடியில் படியும், நீர் தேறும். மனம் தேறுவதும், அழுகிறவரைத் தேற்றுவதும் அதே வேர். பழைய சீன ஞானி லாவோட்சு நூலின் 15ஆம் பகுதியிலும், கலங்கிய நீரை அசையாமல் விட்டு மெல்லத் தெளியவைப்பது யாரால் ஆகும் என்று ஒரு கேள்வி வருகிறது. அந்த உவமையைச் சீனத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதே இல்லை, நம் வினைச்சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. “என் நெஞ்சு தேறவில்லை, தேற்றுங்கள்.” “கொண்டு வா, தேற்றுகிறேன்.” வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஜப்பானில் தூய நாட்டு பௌத்தர்கள் இதே எழுத்துகளை ‘அன்ஜின்’ என்று படிக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரென்யோ எழுதிய மடல்களில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். அமிதாப புத்தர் காப்பார் என்பதில் ஐயமே இல்லாமல் நெஞ்சு உறுதிப்பட்டு நிற்பது அது. பழந்தமிழில் ஐயம் நீங்கிய உறுதிக்குத் ‘தேற்றம்’ என்று பெயர். இலக்கணத்தில் தேற்றேகாரம் படித்திருக்கிறோமே. ஆனால் பள்ளிக் கணக்கில் ‘பிதாகரஸ் தேற்றம்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் ‘நெஞ்சத்தேற்றம்’ என்று நீட்டி வைக்கிறேன்.

அடுத்து ஹெய்ஜோஷின். இதற்கு வந்த பரிந்துரை:

> சமநிலை மனம். கீதையிலும் இதே கருத்துதான்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. ‘ஹெய்ஜோஷின்’ என்பது சீனத்தின் ‘பிங்சாங்ஷின்’னை ஜப்பானியர் படிக்கும் விதம். அதில் ‘பிங்சாங்’ என்பது வழக்கமானது, எப்போதும் போன்றது. ‘பிங்சாங்ஷினே வழி’ என்றார் 8ஆம் நூற்றாண்டின் ஜென் குரு மாட்சு. அவர் மாணவர் நான்ச்சுவானிடம், “அப்படியென்றால் நான் அதை நோக்கிப் போகலாமா?” என்று அவருடைய மாணவர் ஜாவ்ஜோவ் கேட்டார். “நோக்கிப் போனால் விலகிப் போவாய்” என்பது விடை. சமநிலை என்றதுமே தராசு வந்துவிடுகிறது, தட்டை நேராக்கும் முயற்சியும் வந்துவிடுகிறது. இவர்கள் வேண்டாம் என்பதே அந்த முயற்சியைத்தான். ‘இயல்பு நெஞ்சு’ என்பேன். தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் சீனத் தாய் ‘பிங்சாங்ஷினோடு எழுது’ என்றால், நம் வீட்டில் ‘எப்பவும் போல எழுது’ என்பது அதற்கு நேர்.

ஃபுடோஷின் மூன்றாவது. ‘நாற்பது வயதில் என் நெஞ்சு அசையவில்லை’ என்று மென்சியஸ் சொன்னதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. ‘அசையா மனம்’ என்று நான்கு பேர் எழுதியிருந்தீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் தக்குவான் என்ற ஜென் துறவி, வாள்வீரர் யாக்யூ முனேநோரிக்கு எழுதியபோது இதைத்தான் மறுத்தார். அசையாமை என்றால் கல்லும் மரமும் போலக் கிடப்பதன்று. நெஞ்சு நாலா பக்கமும் போகும், ஓரிடத்திலும் சிக்கி நிற்காது என்றார். ஆயிரம் கை கொண்ட கன்னோனை, அதாவது கருணையின் போதிசத்துவரை, காட்டினார்: வில் பிடித்த ஒரு கையில் கருத்து நின்றுவிட்டால், மற்ற 999 கைகளும் வீண்.

எனக்குக் குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில் வரும் ‘நிலையின் திரியாது’ நினைவுக்கு வந்தது. பால் திரிந்துவிட்டது என்கிறோம். தன் தன்மை கெட்டுப்போவது திரிதல். திரியாதது அசையலாம், கெடாது. எனவே ‘திரியா நெஞ்சு’. ‘ஊர் சுற்றித் திரிதல்’ என்ற பொருள் குறுக்கே வருமே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது. இதைவிட நல்லது யாராவது சொன்னால் உடனே மாற்றிக்கொள்வேன்.

‘ஓச்சித்ஸுகி’க்கு அதிகம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘விழுந்து சேர்தல்’ என்ற வினையிலிருந்து வந்த ஜப்பானியரின் சொந்தச் சொல் அது. பதறாமல் பேசும் ஆளுக்கும் சொல்வார்கள், கண்ணை உறுத்தாத நிறத்துக்கும் சொல்வார்கள். எங்கள் பாட்டி ‘அமரிக்கையான பெண்’ என்பார். அதே சொல்தான். ‘அமரிக்கையான நிறம்’ என்றும் சொல்லிப் பார்த்தேன், ஒட்டுகிறது.

கடைசியாக ‘முஷின்’. எழுத்துப்படி, நெஞ்சு இல்லாமை. வாளை ஓங்கும் கணத்தில் ‘நான் ஓங்குகிறேன்’ என்ற எண்ணம் குறுக்கிடாத நிலை. ‘மனமின்மை’ என்று போட்டால் ‘கொடுக்க மனமில்லை’ என்பது போல விருப்பமின்மை ஆகிவிடுகிறது. ‘நெஞ்சிலாமை’ என்றால் ஈரமில்லாதவன் என்று படும். ‘எண்ணமற்ற’ என்றால் மந்தமாக இருக்கிறது. பறை அடிப்பவர்கள், சிலம்பம் ஆடுபவர்கள், தறியில் உட்காருபவர்கள், கை தானாக ஓடும் அந்த நேரத்தைத் தங்களுக்குள் எப்படிச் சொல்கிறார்கள்? அவர்களோடு பழகியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கேட்டு எழுதுங்கள், அதுவரை ‘முஷின்’ என்றே விட்டுவைக்கிறேன்.

அன்புடன்.