விம்மேராவில் வேலை இருக்கிறது, ஆள் இல்லை: குறை எங்கே?

செங்கதிர் (ஹார்ஷம்)

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் உள்ள விம்மேரா, தெற்கு மாலிப் பகுதிகளின் மக்கள்தொகை ஏன் சுருங்குகிறது என்று கேட்டால், "அங்கே வேலை இல்லை, இளைஞர்கள் போய்விடுகிறார்கள்" என்ற விடைதான் நம்மவர்களிடமிருந்து உடனே வருகிறது. அது பாதிகூடச் சரியான விடை இல்லை என்று வாதிடவே இந்த இழையைத் தொடங்குகிறேன். 2021 கணக்கெடுப்பில் இங்குள்ள ஹிண்ட்மார்ஷ் ஷயரில் (ஷயர் என்பது கிராமப்புற உள்ளாட்சிப் பகுதி) 6,000 பேர்கூட இல்லை. பக்கத்து யாரியம்பியாக்கில் சுமார் 6,500 பேர் இருந்தார்கள். நாட்டின் இடைநிலை வயது 38 ஆக இருக்கையில், இந்த ஷயர்களில் அது ஐம்பதை ஒட்டி நிற்கிறது. ஆயினும் வேலையின்மை விகிதம் மாநிலச் சராசரியைவிடக் குறைவு. மருத்துவமனைக்குச் செவிலியர் வேண்டும், முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பாளர் வேண்டும், பள்ளிக்குக் கணித ஆசிரியர் வேண்டும், அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்க மெக்கானிக் வேண்டும். இந்த இடங்கள் மாதக்கணக்கில் நிரம்பாமல் கிடக்கின்றன.

வரத் தயாராக இருப்பவரைத் தடுப்பது வீடு. இந்தச் சிற்றூர்களில் ஒரு புதிய வீட்டைக் கட்டி முடிக்க ஆகும் செலவு, கட்டிய வீட்டை விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகம். அதனால் வங்கி கடன் தரத் தயங்குகிறது, கட்டுநரும் வருவதில்லை. சம்பளம் தருகிறேன் என்று முதலாளி சொன்னாலும் தங்க இடமில்லாத ஊருக்கு யார் வருவார்கள்? குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்காதது இதற்கு அடுத்த தடை. ஆஸ்திரேலியர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் காப்பக வசதி மிக அரிதான இடங்களில் வாழ்கிறார்கள் என்று கல்வி ஆய்வு அமைப்பான மிட்செல் நிறுவனம் 2022 இல் காட்டியது. கிராமப்புறங்களில் அந்தப் பற்றாக்குறை இன்னும் கடுமையாக இருக்கிறது. ஊரில் இருக்கும் செவிலியரே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி வேலை நாட்களைக் குறைத்துக்கொள்கிறார் என்றால், அங்கே வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மதிவாணன் (மெல்பர்ன்)

செங்கதிர் அவர்கள் தந்த எண்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் மறுப்பு. சிற்றூரில் வேலை இழந்தவர் அங்கேயே உட்கார்ந்து வேலை தேடுவதில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு பல்லாரட்டுக்கோ மெல்பர்னுக்கோ போய்விடுகிறார். அவர் போனபின் உள்ளூர்ப் புள்ளிவிவரத்தில் வேலையற்றவராக அவர் தெரிவதில்லை. மக்கள்தொகையில் பெரும்பங்கினர் ஓய்வுபெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த வேலையின்மை அந்த ஊரின் வளத்தைக் காட்டுவதாக இருக்கலாம். போகவேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்பதைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

அடிப்படைக் காரணம் விவசாயத்திலேயே இருக்கிறது. மாலி நிலத்தை அரசு பங்கிட்டுக் குடியேற்றியபோது ஒரு குடும்பத்துக்கு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் போதும் என்று கணக்கிட்டார்கள். மழை குறைந்த அந்த நிலத்தில் அது போதவில்லை. கடனில் மூழ்கிப் பலர் வெளியேற, நிலம் பக்கத்துக்காரர் கைக்குப் போனது. இன்று பல ஆயிரம் ஹெக்டேரைத் தந்தையும் மகனும், விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வரும் ஓரிரு ஆட்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். உழாமல் விதைக்கும் முறை வந்தபின் டிராக்டர் வயலில் ஓடும் நாட்களும் குறைந்துவிட்டன. விளைச்சலுக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான் தேவையில்லை. நான்கு குடும்பங்கள் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் இருந்தால், பள்ளிக்கும் கடைக்கும் கால்பந்து அணிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆள்தானே மிஞ்சும்? வீடு கட்டிக்கொடுத்து இதை மாற்ற முடியாது. இருக்கிற பணத்தை ஹார்ஷம், மில்டூரா போன்ற நகரங்களில் குவித்து நல்ல மருத்துவமனையும் நல்ல பள்ளியும் நடத்துவதே நேர்மையான கொள்கை என்று நினைக்கிறேன்.

படிப்புக்காக வெளியேறுவதும் புதிதன்று. ஆஸ்திரேலியாவின் பிரதமராக மிக நீண்ட காலம் இருந்த ராபர்ட் மென்சிஸ் 1894 இல் விம்மேராவின் சிற்றூரான ஜெபாரிட்டில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே கடை நடத்தினார். மகன் சிறுவயதிலேயே படிக்கப் பல்லாரட் போய், பிறகு உதவித்தொகையில் மெல்பர்ன் போனார், குடியிருக்கத் திரும்பவில்லை. அப்போது வீட்டுத் தட்டுப்பாடா காரணம்?

பூங்கோதை (ஆசிரியை, வடமேற்கு விக்டோரியா)

மென்சிஸை எடுத்துக்காட்டாகச் சொல்வது சுவையாக இருக்கிறது. ஆனால் அவரைப் போன்றவர்கள் எக்காலத்திலும் போகத்தான் செய்வார்கள். என் வகுப்பில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம்.

ரெயின்போ, ஹோப்டவுன், பிர்ச்சிப் போன்ற ஊர்களில் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளிதான். பன்னிரண்டாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே இருக்கும்போது, இயற்பியலுக்கும் உயர்கணிதத்துக்கும் தனித்தனி ஆசிரியரை வைத்துக்கொள்ள முடியாது. சில பாடங்களை மாணவர்கள் திரை வழியாகத் தொலைநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். தானாகவே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது பரவாயில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்று விளக்க ஆள் வேண்டும் என்ற பிள்ளைக்கு அது பாதிப் பாடம்தான். இதைக் கண்ட பெற்றோரில் வசதியுள்ளவர்கள் பிள்ளையைப் பல்லாரட்டிலோ ஜீலாங்கிலோ விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள்; அந்தப் பிள்ளைகள் போனபின் இங்கே வகுப்பு இன்னும் சிறுக்கிறது.

பள்ளி முடித்தபின் வருவது அடுத்த சிக்கல். நகரத்துப் பிள்ளை அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிப் பல்கலைக்கழகம் போகலாம். எங்கள் பிள்ளைக்கு முதல் நாளே வாடகை தொடங்கிவிடுகிறது. பெற்றோரின் நிலம் சொத்துக் கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும் வறட்சி ஆண்டில் கையில் காசு இருக்காது. ஆகவே, பெற்றோரைச் சாராதவர் என்று அரசு ஏற்று மாணவர் உதவித்தொகை தரவேண்டும் என்பதற்காகவே பலர் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தைத் தள்ளிப்போட்டு ஓராண்டுக்கு மேல் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் படிப்புக்குத் திரும்புவதே இல்லை. கிராமப்புற உயர்கல்வி பற்றி அரசுக்காக ஆராய்ந்த நாப்தைன் குழுவின் 2019 அறிக்கை, பெருநகரங்களுக்கு வெளியே வளர்ந்தவர்கள் 35 வயதுக்குள் இளங்கலைப் பட்டமோ அதற்கு மேற்பட்டதோ பெறும் வாய்ப்பு, பெருநகரத்தவரின் வாய்ப்பில் பாதிக்கும் குறைவு என்று சொன்னது.

இன்னொன்றையும் இங்கே யாரும் பேசவில்லை. நிலம் பெரும்பாலும் மகனுக்குப் போகிறது, மகள் படிக்கப் போகிறாள். அதனால் இப்பகுதியில் பட்டம் பெற்றவர்களில் பெண்களே அதிகம். செவிலியராகவும் ஆசிரியையாகவும் இருக்கும் மனைவியின் சம்பளம்தான் பல விவசாயக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் உறுதியான வருமானம். ஒரு மருத்துவமனைப் பிரிவை மூடினால் அதோடு சில பண்ணைகளும் ஆட்டம் காண்கின்றன. மதிவாணன் அவர்கள் எல்லாவற்றையும் ஹார்ஷமில் குவிக்கலாம் என்கிறார். ரெயின்போவிலிருந்து ஹார்ஷம் 100 கிலோமீட்டருக்கு மேல். குளிர்கால இருட்டில், கங்காருக்கள் குறுக்கே பாயும் சாலையில், இரவுப் பணிக்கு அந்தத் தூரம் போய்வருவதை அவர் வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார் போலும்.

செங்கதிர் (ஹார்ஷம்)

இயந்திரம்தான் ஆட்களைத் துரத்தியது என்பதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் அந்த வெற்றிடத்தைப் பெரிதாக்கியவை அரசின் முடிவுகள். 1990களில் விக்டோரிய முதல்வர் ஜெஃப் கென்னட்டின் ஆட்சி மாநிலமெங்கும் 300க்கு மேற்பட்ட பள்ளிகளை மூடியது. 210 உள்ளாட்சி மன்றங்களை 78 ஆகச் சுருக்கியது. மெல்பர்னிலிருந்து மில்டூரா வரை ஓடிய பயணிகள் ரயிலும் 1993 இல் நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. மன்ற அலுவலகம் ஓர் ஊரிலிருந்து போகும்போது எழுத்தரும் பொறியாளரும் சாலைப் பணியாளரும் போகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளியிலிருந்து போகிறார்கள். அதை இயற்கை என்று சொல்லிவிட முடியாது.

ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நில் என்ற ஊர் இருக்கிறது. மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள, சுமார் 2,000 பேர் வாழும் ஊர் அது. அங்கே லவ்-எ-டக் என்ற வாத்து இறைச்சி நிறுவனம் ஆட்கள் கிடைக்காமல் திணறியது. 2010 முதல், மியன்மரிலிருந்து அகதிகளாக வந்து மெல்பர்னின் மேற்குப் புறநகரில் வாழ்ந்த கரேன் மக்களை வேலைக்கு அழைத்துவந்தது. வேலையாளை மட்டும் ஏற்றிவராமல் குடும்பங்களோடு வரச்செய்தார்கள். ஊர்க்காரர்கள் வீடு தேடிக்கொடுத்தார்கள், ஆங்கில வகுப்பு நடத்தினார்கள். சில ஆண்டுகளில் கரேன் மக்கள் சுமார் 200 பேர் ஆனார்கள். 2015 இல் குடியேறியோருக்கு உதவும் ஏ.எம்.இ.எஸ் அமைப்பும் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனமும் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குடியேற்றத்தால் வட்டாரப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பயனை 4.15 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. குறைந்துகொண்டிருந்த பள்ளிச் சேர்க்கையும் நிமிர்ந்தது.

இளவேனில் (அடிலெய்டு)

நம்மவர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பேசலாம். என்னைப் போல, பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வோருக்கான 491 விசாவில் வந்தவர்களைக் 'கிராமப்புறத்துக்கு வந்தவர்கள்' என்று அரசு கணக்குக் காட்டுகிறது. 2019 நவம்பரில் அந்த விசா வந்தபோது சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லா இடமும் 'பிராந்தியம்' என்றாகிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் அடிலெய்டும் பிராந்தியம்தான். அப்படியிருக்க, ஒரு மென்பொருள் பொறியாளர் ஏன் ஹோப்டவுனுக்குப் போகவேண்டும்? மூன்று ஆண்டு வருமானக் கணக்கைக் காட்டி நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க அடிலெய்டே போதும். உண்மையில் சிற்றூருக்குப் போகிறவர்கள் மருத்துவர்கள்: வெளிநாட்டில் படித்தவர், பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து கட்டணம் பெறலாம் என்ற பத்தாண்டு விதி அவர்களை அனுப்புகிறது. அந்த விதியால்தான் பல ஊர்களில் இலங்கையிலும் இந்தியாவிலும் படித்த மருத்துவர் இருக்கிறார். விதியின் காலம் முடிந்ததும் பலர் நகரத்துக்கு வந்துவிடுகிறார்கள். (விம்மேராவில் விளையும் மைசூர்ப் பருப்பு கொழும்புக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்கிறது, அங்கிருந்து வந்த நாம்தான் விம்மேராவைச் சேரவில்லை.)

மதிவாணன் (மெல்பர்ன்)

நில் ஊரை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வை வெளியிட்ட இருவரில் ஒருவர் குடியேற்றப் பணி செய்யும் அமைப்பு என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே விரிவடைந்துவந்த ஓர் ஆலை ஏற்கெனவே இருந்தது. அந்த ஆலை இல்லாத ஊரில் இதே திட்டத்தைச் செய்து காட்ட முடியுமா? அதோடு, இறைச்சி ஆலையில் வேலை செய்யும் தந்தை தன் மகளும் அதே வரிசையில் நிற்கவேண்டும் என்று எண்ணமாட்டார். அந்த மகள் நன்றாகப் படித்தால், பூங்கோதை அவர்கள் சொன்ன அதே பாதையில் அவளும் போவாள். பெண்டிகோவில் பெரிய கரேன் சமூகமே இருக்கிறது. வெளியேற்றத்தை ஒரு தலைமுறைக்கு ஒத்திப்போட்டதைத் தீர்வு என்று கொண்டாட வேண்டாம்.

இளவேனில் சொன்ன விசா விவரத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். அதுவும் என் பக்கத்து வாதமே: ஆட்களைச் சட்டம் போட்டுச் சிற்றூரில் நிறுத்த முடியவில்லை.

பூங்கோதை (ஆசிரியை, வடமேற்கு விக்டோரியா)

அந்த மகள் போகட்டும். படிக்கப் போகிறவளைத் தடுப்பது என் வேலையில்லை. முப்பது வயதில் செவிலியராகவோ கணக்காளராகவோ திரும்பிவர அவள் விரும்பினால் ஊர் அவளை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. முழுவதும் போகாமலே படிக்கவும் இப்போது வழி இருக்கிறது: ஹார்ஷமில் ஃபெடரேஷன் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, பக்கத்தில் 1889 இல் தொடங்கிய லாங்கரெனாங் வேளாண் கல்லூரி இருக்கிறது, மாலியில் ஊயனிலும் ஸ்வான் ஹில்லிலும் எந்தப் பல்கலைக்கழக மாணவரும் வந்து அமர்ந்து படிக்கக்கூடிய மையங்கள் திறந்திருக்கின்றன. வேலையும் குடும்பமும் உள்ள முப்பது வயதுப் பெண்களுக்கு இத்தகைய மையங்கள் பெரிய வாய்ப்பு. படித்து முடித்த ஊரிலேயே வேலைக்குச் சேர்பவருக்கு வீடும் ஏற்கெனவே இருக்கிறது.

வெளியிலிருந்து வருபவருக்கு அது இல்லை. ஆள் கிடைக்காத பள்ளிகளுக்கு வரும் ஆசிரியருக்கு விக்டோரிய அரசு 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு வருகிறவர் எங்கே தங்குவார்? ஒரு காலத்தில் சிற்றூர்ப் பள்ளியோடு ஆசிரியர் வீடும் இருந்தது. பல ஊர்களில் அவற்றை விற்றுவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் நியூ சவுத் வேல்ஸில் ஆசிரியர்களுக்கு வாடகை வீடு தருவதற்கென்றே ஓர் அரசு ஆணையம் இன்றும் இயங்குகிறது.

மதிவாணன் (மெல்பர்ன்)

மருத்துவமனையோ பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியோ உள்ள ஊர்களில் அரசு வீடு கட்டட்டும். நில், வாரக்னபீல் இரண்டுக்கும் நான் கையெழுத்திடுவேன். முன்னூறு பேர் வாழும் ஊர்களுக்கும் இதே உரிமை உண்டு என்று அடுத்து ஒருவர் கேட்பார். அவருக்கு "இல்லை" என்று சொல்லும் துணிவு செங்கதிருக்கு இருக்கிறதா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்.

செங்கதிர் (ஹார்ஷம்)

இருக்கிறது. முன்னூறு பேர் ஊருக்குப் புது வீடு கேட்கமாட்டேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட உரிமையாளருக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்பேன். டிம்பூலாவிலும் ஜெபாரிட்டிலும் இறந்தவர்களின் வீடுகள் நகரத்தில் வாழும் பிள்ளைகளின் பெயரில் ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கின்றன. ஷயர் மன்றம் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதற்கு மெல்பர்னின் அனுமதி தேவையில்லை.