‘டாக்டர் ஸ்லீப்’ எந்த முடிவிலிருந்து தொடர்கிறது?

குன்னூர் வாசகன்:
1980-இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ படத்தில் ஓவர்லுக் விடுதி அழியாமல் நிற்கிறது. ஸ்டீபன் கிங் 1977-இல் எழுதிய நாவலிலோ கொதிகலன் வெடித்து அது எரிந்துபோகிறது. அப்படியானால் 2019-இல் வந்த தொடர்ச்சிப் படமான ‘டாக்டர் ஸ்லீப்’ எதைப் பின்பற்றுகிறது? எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாதபடி மேகம் இறங்கியிருக்கும் இந்த நாட்களில் அதைப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

கோத்தகிரி ஆசிரியை:
முடிவைச் சொல்லாமல் விடை கூற இயலாது, பொறுத்தருளுங்கள். இயக்குநர் மைக் ஃபிளனகன் விடுதியை நிற்கவிட்டு, நாவலில் அதற்கு நேர்ந்த நெருப்பைத் தம் படத்தின் இறுதியில் மூட்டுகிறார். ஆனால் என் நெஞ்சில் நின்றது விடுதி அன்று. முதல் படத்தில் சிறுவனாக இருந்து, வளர்ந்தபின் குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட டேனி, இறக்கும் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் இல்லத்தில் பணிசெய்வதும், சாவை முன்னறியும் அவ்வில்லத்துப் பூனை எவருடைய கட்டிலில் ஏறிப் படுக்கிறதோ அவரருகே அமர்ந்து அச்சம் தணியப் பேசுவதும்தான். பிறர் மனத்தை அறியும் ஆற்றல் இத்தனை கனிவாகப் பயன்படுவதைப் பேய்ப்படங்களில் நான் கண்டதில்லை. என் தந்தையின் கடைசி இரவில் அவர் கையைப் பற்றிக்கொண்டு விழித்திருந்தவள் என்பதால், அக்காட்சியை மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

உதகை ரசிகர்:
அம்மா கூறியதை வழிமொழிகிறேன். மூன்று மணிநேரம் ஓடும் இயக்குநரின் பதிப்பையே பாருங்கள், ஐயா. ஆற்றல் மிக்க குழந்தைகளைக் கொன்று, அவர்களது உயிராவியை உண்டு வாழும் கூட்டம் பேஸ்பால் ஆடும் சிறுவனைப் பிடிக்கும் காட்சி மிகக் கொடியது. பிள்ளைகள் உறங்கிய பிறகு பாருங்கள்.