லேப்டாப்பில் தம்பூரா ஏறி இறங்குகிறது, பிளேயரில் இல்லை. என்ன செய்வது?

சுருதிப்பெட்டி:
வணக்கம். அப்பா சேர்த்து வைத்த கர்நாடக சங்கீத சிடிக்களை, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்புகளாக மாற்றி விண்டோஸ் 11 லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. இரண்டு தொல்லைகள். பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல். மவுஸை நகர்த்தினால் கூடவே கீச்சென்று ஒரு சத்தம். இது ஒன்று. இன்னொன்றுதான் மனதை உறுத்துகிறது. ஆலாபனையில் பாடுபவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் தம்பூரா மெல்லப் பெரிதாகிறது, அவர் மறுபடி எடுத்ததும் அமுங்கிவிடுகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய சின்ன மியூசிக் பிளேயரை அதே ஒயரில் மாட்டினால் இரண்டுமே இல்லை. தனி பிளேயர்தான் வழியா? 400 சிடிக்கு மேல் இருக்கிறது, அந்தச் சின்னத் திரையில் தேடி எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது.

இசைப்பித்தன்:
பிளேயரே வாங்கிவிடுங்கள். விண்டோஸ் 44,100 ஹெர்ட்ஸை 48,000 ஆக மாற்றிவிடும், சுருதியே போய்விடும்.

வால்வு ரேடியோ:
சுருதி போகாது சார். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். 48,000 தேவைப்பட்டால் விண்டோஸ் இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புகிறது. பாட்டின் வேகம் மாறுவதில்லை, அதனால் சுருதியும் மாறாது.

சுருதிப்பெட்டி, தம்பூராவைக் கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று. சத்தம் குறைந்த இடத்தைத் தூக்கி, கூடிய இடத்தை அமுக்கும் வசதி ஏதோ ஒன்று ஓடுகிறது. சினிமா வசனம் கேட்க அது உதவும், கச்சேரியைக் கெடுத்துவிடும். சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் ஸ்பீக்கரைத் திறந்து 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப்போடு வந்த ஆடியோ செயலி ஏதாவது இருந்தால் அதிலும் இதே வேலையைச் செய்யும் பொத்தான் இருக்கும், அதையும் பாருங்கள்.

இரைச்சலுக்கு முதலில் ஒரு சோதனை. பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆம்பிளிஃபயர் வழியாக ஒரு எர்த், நடுவில் உங்கள் ஆடியோ ஒயர். மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். லேப்டாப்பின் உள்ளே ஓடும் மின்சாரச் சலசலப்பு அந்த வளையத்தில் ஏறி, பாட்டு வரும் ஒயரிலேயே வந்துவிடுகிறது. பிளேயர் பேட்டரியில் ஓடுவதால் அங்கே வளையமே இல்லை. அது சுத்தமாகக் கேட்க இதுவே காரணமாக இருக்கலாம், உள்ளே இருக்கும் சிப்பின் மேன்மை அல்ல.

அப்புறம் ஒரு விஷயம், தயவுசெய்து கேளுங்கள்: சார்ஜரின் எர்த் பின்னை வெட்டவோ, டேப் ஒட்டி மறைக்கவோ வேண்டாம். சத்தம் போகும், உயிருக்கு ஆபத்து வரும்.

சுருதிப்பெட்டி:
அண்ணா, சார்ஜரைப் பிடுங்கிய நொடியில் இரைச்சல் நின்றது! என்ஹான்ஸ்மென்ட்ஸையும் நிறுத்தினேன். தம்பூரா இப்போது அசையாமல் நிற்கிறது. ஆனால் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது, ஒரு முழுக் கச்சேரிக்குப் போதாது. யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்பிளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் வெளிப்பெட்டி) வாங்கினால் தீருமா?

வால்வு ரேடியோ:
டாக் மட்டும் வாங்கினால் உறுதியாகச் சொல்ல முடியாது. யூஎஸ்பி ஒயரிலும் கிரவுண்ட் போகிறது, வளையம் அப்படியே இருக்கும். முதலில் செலவில்லாத வழி: இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். போதாவிட்டால் ஆம்பிளிஃபயரில் ஆப்டிகல் துளை இருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பியிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றும் பெட்டி கிடைக்கிறது. ஒளியாகப் போகும் கேபிளில் உலோகத் தொடர்பே கிடையாது, வளையம் அறுந்துவிடும்.

கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒயரின் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டியும் உண்டு. மலிவானவற்றில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மிகச் சிறியது, மந்தர ஒலியைக் கொஞ்சம் தின்றுவிடும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது மந்தரமாக ஒலிக்கும் பக்கம், சன்னமாகக் கேட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுருதிப்பெட்டி:
ஒரே பாக்ஸில் போட்டதும் பாதிக்கு மேல் குறைந்தது, சன்னமாக மிச்சம் இருக்கிறது. ஆம்பிளிஃபயரின் பின்பக்கம் ஆப்டிகல் துளை இருக்கிறது, இத்தனை நாள் மூடி போட்டே கிடந்தது. அந்தப் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். நண்பரின் பிளேயரை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கிறேன்.