புதுப்பிப்பு: தண்ணீர் மீட்டரின் பேய்க் கணக்கு தீர்ந்தது

மீட்டரின் பல்ஸ் ஒயரை (லிட்டருக்கு ஒரு மின்துடிப்பு அனுப்பும் ஒயர்) இஎஸ்பி32 என்ற சிறு வைஃபை போர்டில் இணைத்த பிறகு, குழாயே திறக்காதபோதும் ஹோம் அசிஸ்டென்ட்டில் (வீட்டுக் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) லிட்டர் ஏறுகிறது என்று புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு என்னுடையதுதான். ஒயரைச் செருகியிருந்தது 34-ஆம் பின்னில். 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப் (சிக்னல் இல்லாதபோது பின்னின் மின்னழுத்தத்தை நிலையாக நிறுத்திவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. அந்தரத்தில் தொங்கிய ஒயர், மோட்டார் போடும்போதெல்லாம் அதன் மின் இரைச்சலைப் பல்ஸ் என்று சும்மா எண்ணிக்கொண்டிருந்தது.

27-க்கு மாற்றி, இஎஸ்பிஹோமில் (அந்த போர்டில் ஓடும் மென்பொருள்) புல்-அப்பை இயக்கினேன். பேய் ஓடிவிட்டது. அப்புறமும் ஒரு லிட்டருக்குச் சில சமயம் இரண்டு பல்ஸ். பல்ஸைத் தரும் ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் ஸ்விட்ச்) மூடும்போது துள்ளுவதால் வருவது அது. 100 மில்லிசெகண்டுக்குள் மறுபடி வரும் பல்ஸை ஒதுக்கும் ஃபில்டர் போட்டதும் அடங்கியது.

நேற்று பத்து லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். சரியாகப் பத்து. அம்மாவுக்குத்தான் கோபம், துவைக்க வைத்திருந்த வாளியாம்.