பண்ணைக்கீரை பறிக்கப் போய்...

போன ஆவணியில் தாராபுரம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். ரெண்டு மழை பெய்திருந்தது. மக்காச்சோளக் காட்டு வரப்போரம் பண்ணைக்கீரை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. சின்ன வயதில் கடலைக்காட்டில் களையெடுக்கும் பெண்கள் இதை மடி நிறையக் கட்டிக்கொண்டு வருவார்கள். பண்ணை, தொய்யல், குமிட்டி எல்லாம் கலந்து, பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்தால் ராகிக்களிக்கு வேறெதுவும் வேண்டாம்.

துண்டை விரித்து ஒரு கை பறித்திருப்பேன். காட்டுக்காரர் அந்தக் கோடியிலிருந்தே சத்தம் போட்டார்: "அதைக் கீழ போடுங்க! நேத்துத்தான் களைமருந்து அடிச்சிருக்குதுங்க."

இலை வாடக்கூட இல்லையே என்றேன்.

"நாலு நாளைக்கு அப்படித்தான் நிக்கும். அப்புறந்தான் கருகும்."

வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. "ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிள்ள மாட்டியா கண்ணு?" என்றார் அம்மாயி. அப்புறம் அவரே குப்பைமேட்டோரம் நின்ற நாலு செடியைக் காட்டினார். ரெண்டில் கதிர் வந்திருந்தது, வெள்ளையும் ரோஸுமாக நரிவால் மாதிரி. அதைத் தொட விடவில்லை, பூத்துவிட்டால் நாராக இருக்குமாம். மிச்சத்தைக் கடைந்ததில் ஆளுக்கு ஒரு கரண்டிதான் தேறியது.

*

நான் மூன்று வருஷம் நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில் இருந்தேன். அங்கே சந்தையில் அச்சு அசல் நம் பண்ணைக்கீரை, கட்டுக்கட்டாக! அங்கே யொரூபா மொழி பேசுகிறவர்கள் இதை 'சோக்கோ' என்கிறார்கள். விதைத்து, தண்ணீர் விட்டு வளர்க்கிற பயிர். கொதிநீரில் முக்கியெடுத்து, அந்தக் கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, செம்பனை எண்ணெயில் மிளகாய் விழுதோடு கிளறுவார்கள். காரம் நம்மையே மிரட்டும். எங்கள் ஊரில் இதைக் களை என்று பிடுங்கி எறிவோம் என்று கீரைக்கார அம்மாவிடம் சொன்னேன். விலையைக் குறைக்கத்தான் அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

*

மருந்துக்குப் பயந்தவர்கள் முற்றிய கதிர் ஒன்றைக் கொண்டுவந்து பேப்பரில் உதிர்த்துப் பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று பொடிப்பொடி விதை. கோழிக்கொண்டைப் பூவுக்குச் சொந்தக்காரச் செடிதானே, விதையும் அதே மாதிரிதான். மாடித் தொட்டியில் தூவினால் ஒரு மாதத்தில் நுனி கிள்ளலாம். என் முதல் தொட்டியை மட்டும் மாமனார் களை என்று சுத்தமாகப் பிடுங்கிவிட்டார். இப்போது தொட்டியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.