பித்தளையில் செதுக்க ஓவியர் தேவை, கொஞ்சம் யோசனையும் தேவை

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் தொழில் செய்கிறேன். சீர்வரிசைக் குடம், சொம்பு, தாம்பாளம் என்று எழுத்து வெட்டிப் பழகிய கை. படம் வரையத்தான் வராது.

இப்போது பரிசுக்காகப் பித்தளைத் தட்டில் யாளி, அன்னம், பூர்வீக வீட்டின் முகப்பு என்றெல்லாம் கேட்கிறார்கள். போன மாதம் ஓர் ஓவியரோடு சேர்ந்து முதல் வேலையை எடுத்தோம். பென்சிலில் நிழல் தீட்டி அழகாகத்தான் கொடுத்தார். ஆனால் உளிக்குக் கோடுதான் தெரியும். நிழல் வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி குத்த வேண்டும். நானாக மாற்றிச் செய்ததில் அன்னம் வாத்தாகிவிட்டது. பித்தளையில் வெட்டியதை அழிக்கவும் முடியாது. தட்டு வீண், காசு என் தலையில்.

உலோகத்தில் ஒளிக்கதிரால் பொறிக்கும் ஃபைபர் லேசர் மெஷினில் போடலாமே என்பீர்கள். எவர்சில்வருக்குச் சரி. உளி வெட்டிய பள்ளத்தில் வெளிச்சம் பட்டு மின்னுவது அதில் வராதே!

கோட்டோவியம் நன்றாக வரைபவர்கள், கோலக்காரர்கள், எழுத்துரு வடிவமைப்பவர்கள் யாராவது சேர்ந்து செய்ய விருப்பமா? ஊர் எதுவானாலும் பரவாயில்லை, படத்தை நிஜ அளவில் அனுப்பினால் போதும்.

அப்புறம், ஏற்கெனவே இப்படிக் கூட்டாகச் செய்பவர்களிடம் ஒரு கேள்வி: ஓவியருக்கு மொத்தமாக ஒரு தொகையா, ஒவ்வொரு தட்டுக்கும் பங்கா? தட்டு கெட்டுப்போனால் செலவு யாருடையது? முன்பணம் வாங்குமுன் இதைப் பேசிவிட நினைக்கிறேன்.